இரட்டையர் டென்னிஸின் வாசலை இரட்டையர் வீரர்களுக்கே திறந்து வையுங்கள்

ஆடவர் டென்னிஸ் சுற்றை நடத்தும் ஏ.டி.பி., மகளிர் சுற்றை நடத்தும் டபிள்யூ.டி.ஏ. ஆகியவற்றின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும், நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டன், ஒற்றையர் ஆட்டத்தில் நோவாக் ஜோகோவிச்சிடம் 6-0, 6-1 என்று தோற்றார். எப்டன் பாரிஸுக்கு வந்தது இரட்டையர் ஆடுவதற்காக. கடைசி நேரத்தில் காலியான ஓர் இடத்தில் அவர் ஒற்றையரில் சேர்க்கப்பட்டார். ஒரு வாரம் கழித்து அதே எப்டன், ஜான் பியர்ஸுடன் சேர்ந்து இரட்டையர் தங்கத்தை வென்றார். இறுதியில் அவர்களிடம் தோற்றவர்கள் அமெரிக்காவின் ஆஸ்டின் கிராய்செக்கும் ராஜீவ் ராமும். அந்த இருவரும் காலிறுதியில் யாரை வென்றுவிட்டு வந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்: ரஃபேல் நடாலையும் கார்லோஸ் அல்கராஸையும், 6-2, 6-4 என்ற நேர் செட்களில், நிரம்பி வழிந்த அரங்கில்.

இந்த மடலில் நான் சொல்ல வருவது அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரட்டையர் ஆட்டம் வேறு தொழில். அதற்கு வேறு கண், வேறு கை, வேறு பயிற்சி வேண்டும். ஆனால் அதற்குள் நுழையும் வாசலில் நீங்கள் இன்னும் ஒற்றையர் தரவரிசையைத்தான் சாவியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விதியை நீங்கள் அறிவீர்கள். படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தொழில்முறைச் சுற்றில் இரட்டையர் போட்டிக்கு ஒரு ஜோடி பெயர் கொடுக்கும்போது இருவரின் தரவரிசை எண்களும் கூட்டப்படும். கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஜோடிகளுக்கு இடம் கிடைக்கும். இதுவரை நியாயமே. ஆனால் ஒவ்வொருவரும் தம்முடைய ஒற்றையர் தரவரிசை, இரட்டையர் தரவரிசை ஆகிய இரண்டில் எது மேலானதோ அதைக் கணக்கில் வைக்கலாம். ஒற்றையரில் 30, 35 ஆம் இடங்களில் இருக்கும் இருவர், சேர்ந்து ஒரு போட்டிகூட ஆடியிராவிட்டாலும், 65 என்ற எண்ணோடு உள்ளே வருவார்கள். இரட்டையரையே தொழிலாகக் கொண்டு 40, 45 ஆம் இடங்களுக்கு உழைத்து ஏறிய ஜோடி 85 என்ற எண்ணோடு வெளியே நிற்கும்.

இந்தச் சலுகை ஒருவழிப் பாதை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இரட்டையரில் உலகின் முதலிடத்தில் இருப்பவர் தம் தரவரிசையைக் காட்டி ஒரு கிராண்ட் ஸ்லாமின் ஒற்றையர் பட்டியலில் இடம் கேட்க முடியுமா? முடியாது, முடியவும் கூடாது. ஒற்றையரில் ஆட ஒற்றையரில் வென்றிருக்க வேண்டும் என்பது யாருக்கும் விளக்கம் தேவைப்படாத நியாயம். அதே நியாயம் இரட்டையருக்கு வரும்போது மட்டும் ஏன் தளர்ந்துபோகிறது?

ஒருவர் எப்படி இரட்டையர் ஆட்டக்காரர் ஆகிறார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். விதிகள் யார் மேல் விழுகின்றன என்பது அதில்தான் தெரியும்.

பெரும்பாலானவர்கள் சிறு வயதில் இரட்டையர் கனவோடு மட்டையைத் தூக்குவதில்லை. ஒற்றையர்தான் ஆடுகிறார்கள். இருபதுகளின் நடுவில், தரவரிசை 200-க்கும் 300-க்கும் இடையில் எங்கோ நின்றுவிடுகிறது. அல்லது முதுகோ முழங்காலோ மூன்று மணி நேர ஆட்டத்தைத் தாங்க மறுக்கிறது. அதே சமயம் சேலஞ்சர் என்னும் இரண்டாம் நிலைப் போட்டிகளில் மாலை நேரத்தில் ஆடும் இரட்டையரில் மட்டும் வெற்றிகள் வருகின்றன. ஒரு கட்டத்தில் அந்த மனிதர் தம் வாழ்வின் கடினமான முடிவை எடுக்கிறார்: பிறரால் பெரிதாகக் கொண்டாடப்படாத, பரிசுத்தொகை குறைந்த பாதையில் முழு மனத்தோடு இறங்குகிறார். இதைத் தோல்வி என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது தன் திறமை எங்கே இருக்கிறது என்று நேர்மையாகப் பார்க்கத் தெரிந்தவரின் துணிச்சலாகவே தெரிகிறது.

2024 விம்பிள்டன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்ற ஹென்றி பேட்டனையும் ஹாரி ஹெலியோவாராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்தின் ஹெலியோவாரா காயங்களால் சில ஆண்டுகள் ஆட்டத்தையே விட்டுவிட்டு ஹெல்சிங்கி விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். பேட்டன் மாணவப் பருவத்தில் இதே விம்பிள்டனில் ஆட்டப் புள்ளிவிவரங்களைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவர். இறுதிப் போட்டியில் பட்டத்துக்கான மூன்று புள்ளிகளை எதிரணியிடமிருந்து காப்பாற்றி, மூன்று செட்களும், சமநிலையைத் தீர்க்கும் டைபிரேக்குக்குப் போன ஆட்டத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பனும் அவர்களுடையதானது. இரட்டையர் என்ற தனித் தொழில் இல்லாவிட்டால் இந்த இருவரின் பெயரும் டென்னிஸ் வரலாற்றில் இருந்திருக்காது.

துணையைத் தேடுவது அடுத்த பாடு. யாரோடு ஆடினால் கூட்டுத்தொகை போதுமானதாக இருக்கும், யாருடைய சர்வுக்கு என் வலை ஆட்டம் பொருந்தும், யார் அடுத்த மாதம் வேறொருவரைத் தேடிப் போய்விடுவார் என்று இரட்டையர் வீரர் ஆண்டு முழுதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துணைவரின் மணிக்கட்டு வீங்கினால் இவருடைய வாரமும் போயிற்று. ஆட்டத்தின் நடுவில் துணைவர் விலகினால் தோல்வி இருவருக்கும். தரவரிசைப் புள்ளிகளோ 52 வாரங்களுக்குப் பிறகு உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு வென்ற அதே வாரத்தில், இந்த ஆண்டு ஆட இடமே கிடைக்காமல் போனால், பெற்றது அத்தனையும் ஆடாமலேயே கைவிட்டுப் போகும்.

இந்த நிலையில் வாசல் விதியின் கொடுமை வேறு மாதிரி உறைக்கிறது. வாரந்தோறும் நடக்கும் போட்டிகள் பலவற்றில் சில இடங்கள் களத்துக்கு வந்து கையெழுத்திடுபவர்களுக்காகக் கடைசி வரை திறந்து வைக்கப்படுகின்றன. ஒற்றையர் வீரருக்கு இது வசதி. அவர் எப்படியும் அங்கே இருப்பார். இரட்டையர் மட்டுமே ஆடுகிறவர் விமான டிக்கெட்டுக்கும் அறைக்கும் பணம் கட்டி, கண்டம் தாண்டி வந்து, இடம் உண்டா இல்லையா என்பதைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார். இல்லையென்றால் மாற்று ஜோடியாகக் காத்திருக்கிறார். யாருக்காவது காயம் ஆனால்தான் தமக்கு வேலை. சில வாரங்களில் அவருடைய இடத்தை எடுத்துக்கொண்ட ஒற்றையர் வீரர், ஒற்றையரில் முன்னேறியதும் உடலைக் காத்துக்கொள்ள இரட்டையரிலிருந்து விலகிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இரட்டையர் இரண்டாவது வேலை. வெளியே நின்றவருக்கோ அது ஒன்றே வேலை.

இப்போது ஆட்டத்துக்கே வருகிறேன். எனக்குப் பேசப் பிடித்த பகுதி இதுதான்.

ஒற்றையர் களம் 27 அடி அகலம். இரட்டையர் களம் 36 அடி. கூடுதலாக வருவது ஒன்பது அடிதான். ஆனால் நான்கு பேர் உள்ளே வந்ததும் காலி இடம் என்பதே கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. அடிக்கோட்டிலிருந்து உயரமாகச் சுழற்றி அடிக்கும் பந்து ஒற்றையரில் எதிராளியைப் பின்னுக்குத் தள்ளும். இரட்டையரில் அதே பந்து வலையருகே நிற்பவரின் மட்டைக்கு விருந்து. ஆகவே சர்வைத் திருப்பும்போது பந்து வலையை உரசுவது போல் தாழ்வாகப் போய், முன்னேறி வருகிறவரின் காலடியில் விழ வேண்டும். அவர் அதைக் குனிந்து எடுத்து, தன் முதல் வாலியை (பந்து தரையில் படுமுன் அடிக்கும் அடியை) எதிரிகள் இருவரும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இவ்வளவும் ஓரிரு விநாடிகளில் நடக்கும்.

சர்வ் போடுவதற்கு முன் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்வ் எங்கே விழ வேண்டும், தான் குறுக்கே பாயப் போகிறேனா, நின்ற இடத்திலேயே இருப்பேனா என்பதெல்லாம் அந்த விரல்களில் இருக்கிறது. சில சமயம் அவர் நடுக்கோட்டின் மேல் தரையோடு தரையாகக் குனிந்துகொள்வார். எந்தப் பக்கம் எழுந்து பாய்வார் என்பது எதிராளிக்குத் தெரியாது. பந்து காற்றில் இருக்கும்போதே திருப்புகிறவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும். பாய்கிறவர் பாய, பின்னால் இருப்பவர் பார்க்காமலேயே மறுபக்கம் ஓடி அந்த இடத்தை மூடுகிறார். ஒருவர் எங்கே போவார் என்று மற்றவர் நம்பி ஓடும் அந்த ஓட்டத்தைப் பழக ஆண்டுகள் பிடிக்கும். பாப், மைக் பிரையன் சகோதரர்கள் சேர்ந்து 119 பட்டங்களையும் 16 கிராண்ட் ஸ்லாம்களையும் வென்றது இந்தப் பழக்கத்தின் பலம். மார்ட்டினா நவ்ராத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும் 1983 முதல் 1985 வரை தொடர்ந்து 109 ஆட்டங்களில் தோற்காமல் இருந்ததும் அதனால்தான்.

இந்தத் தொழில் வயதை மதிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரோஹன் போபண்ணா ஆடவர் இரட்டையரில் முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதியை 2010-இல் ஆடித் தோற்றார். இரண்டாவது இறுதி 2023-இல், அதிலும் தோல்வி. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில், முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலையில், 43 வயதில் எப்டனோடு சேர்ந்து பட்டம் வென்றார். இரட்டையரில் முதலிடத்துக்கு வந்த மிக மூத்த வீரரும் ஆனார். மார்செல் கிரனோயெர்ஸும் ஹொராசியோ செபாயோஸும் சேர்ந்து மூன்று கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் தோற்ற பிறகு, 2025-இல் பிரெஞ்சு ஓப்பனையும் அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனையும் வென்றார்கள். அப்போது செபாயோஸுக்கு 40 வயது. நவ்ராத்திலோவா 2006 அமெரிக்க ஓப்பனில் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதமே இருந்தது. இருபது ஆண்டு உழைப்பு கடைசியில் கனியும் இத்தகைய வாழ்க்கைகளை வேறெந்தத் தொழில்முறை ஆட்டம் இவ்வளவு தாராளமாகத் தருகிறது? அப்படிப்பட்ட வாழ்க்கைக்குத் தேவையானது ஒன்றுதான்: நடுவில் வரும் வறண்ட ஆண்டுகளில் போட்டிக்குள் நுழைய ஓர் இடம்.

2025 அமெரிக்க ஓப்பனின் கலப்பு இரட்டையர் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. முந்தைய ஆண்டு 32 ஜோடிகள் ஆடிய போட்டி 16 ஜோடிகளாகக் குறைக்கப்பட்டது. முதன்மைப் போட்டிகள் தொடங்கும் முன்பே ஆகஸ்ட் 19, 20 ஆகிய இரண்டே நாட்களில் நடத்தி முடிக்கப்பட்டது. இறுதிக்கு முந்தைய சுற்றுகளில் வழக்கமான ஆறு கேம்களுக்குப் பதில் நான்கு கேம்களோடு செட் முடிந்தது. எட்டு ஜோடிகள் ஒற்றையர் தரவரிசையின் கூட்டுத்தொகையால் உள்ளே வந்தன. மற்ற எட்டு இடங்கள் வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பாராமல் போட்டியை நடத்துகிறவர்களே தரும் இடங்கள். வென்ற ஜோடிக்கு 10 லட்சம் டாலர் பரிசு. அதாவது, ஒரு கிராண்ட் ஸ்லாமின் இரட்டையர் போட்டியில் இரட்டையர் தரவரிசை எதையும் தீர்மானிக்கவில்லை. முந்தைய ஆண்டின் சாம்பியன்களான சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வவசோரியும்கூட வைல்டு கார்டை நம்ப வேண்டியிருந்தது. வீரர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு இது என்று அவர்கள் முன்பே வெளிப்படையாகக் கண்டித்திருந்தார்கள்.

அரங்கம் நிரம்பியது என்பது உண்மை. அதை நான் மறுக்கமாட்டேன். இரட்டையருக்காக அவ்வளவு பெரிய அரங்கம் நிரம்பியதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் கடைசியில் கோப்பையைத் தூக்கியவர்கள் யார்? அதே எர்ரானியும் வவசோரியும்தான். இறுதியில் இகா ஷ்வியான்டெக், காஸ்பர் ரூட் ஜோடியை 6-3, 5-7, 10-6 என்று வென்றார்கள். அங்கே ஆட வாய்ப்புக் கிடைக்காத இரட்டையர் வீரர்களுக்கும் சேர்த்தே இந்த வெற்றி என்று வவசோரி சொன்னார். நட்சத்திரங்களைப் பார்க்க வந்த கூட்டம் வலையருகே நடந்த வேலைக்குக் கை தட்டியது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் நட்சத்திரங்கள் வேண்டும் என்பது. நான் எடுத்துக்கொண்ட பாடம், இரட்டையரை நல்ல அரங்கில், நல்ல நேரத்தில், கேமரா முன் வைத்தால் மக்கள் பார்ப்பார்கள் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. 16 ஜோடிகளில் எட்டை இரட்டையர் தரவரிசைக்குக் கொடுத்திருந்தால் அரங்கம் காலியாகியிருக்கப் போவதில்லை.

பணம் ஒற்றையரால் வருகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். வருகிறது. சமமான பரிசு கேட்டு நான் எழுதவில்லை. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 6,80,000 பவுண்டு. ஒற்றையரில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000. இரட்டையரில் முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 16,500, அதையும் இருவர் பங்கிட வேண்டும். இந்த இடைவெளி பெரியதுதான், ஆனாலும் அதைத் தெரிந்தே அவர்கள் இந்தப் பாதைக்கு வந்தார்கள். நான் வருந்துவது வேறொன்றுக்காக. 2024-இல் ஏ.டி.பி. தொடங்கிய குறைந்தபட்ச வருமான உறுதித் திட்டம் ஒற்றையர் தரவரிசையின் முதல் 250 பேருக்காக வகுக்கப்பட்டது. முதல் 100 பேருக்கு அந்த ஆண்டில் 3 லட்சம் டாலர் வரை உறுதி செய்யப்பட்டது. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். அதே அமைப்பு நடத்தும் அதே போட்டிகளில், அதே வாரங்களில் ஆடும் முதல் 60, 70 இரட்டையர் வீரர்களுக்கு அதில் நான்கில் ஒரு பங்காவது உறுதி செய்யலாமே. பயிற்சியாளரை இருவர் பங்கிட்டுக்கொண்டு, உடலியக்க மருத்துவருக்குத் தனியாகச் செலவழிக்க முடியாமல் ஊர் ஊராகப் போகிற தொழிலாளர்கள் அவர்கள்.

இப்போது புதிய மாற்றங்கள் பேசப்படும்போது இரட்டையர் வீரர்கள் ஏன் உடனே பதறுகிறார்கள் என்று நீங்கள் வியக்கலாம். 2005-ஐ அவர்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஐந்து கேம்களோடு முடியும் செட்களையும், ஒற்றையர் வீரர்களுக்கே முன்னுரிமை தரும் நுழைவையும் ஏ.டி.பி. அறிவித்தது. பிரையன் சகோதரர்கள் உட்படப் பலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே 2006 முதல் டியூஸில் (40-40 என்ற சமநிலையில்) ஒரே புள்ளியில் கேம் முடியும் முறையும், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக்கும் வந்தன. ஆட்டம் குறுகினால் பெரிய அரங்குகளில் இடம் கொடுக்கலாம், ஒற்றையர் நட்சத்திரங்களும் வருவார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். வீரர்கள் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டார்கள். நாற்பது நிமிடம் அபாரமாக ஆடிய ஜோடி, பத்துப் புள்ளிகளில் ஒன்றிரண்டு தடுமாறி வீடு திரும்புவதை இருபது ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2023-இல் விம்பிள்டனும் ஆடவர் இரட்டையரை ஐந்து செட்களிலிருந்து மூன்றாகக் குறைத்தபோது அதையும் ஏற்றார்கள். பெரிய அரங்கு மட்டும் இன்னும் அரிதாகவே கிடைக்கிறது. பல ஆட்டங்கள் கடைசிக் களத்தில், ஒற்றையர் எல்லாம் முடிந்த பிறகு, எந்த நேரத்தில் என்றுகூடச் சொல்ல முடியாதபடி நடக்கின்றன.

உலகெங்கும் வார இறுதிகளில் மட்டை பிடிக்கும் சாதாரண மக்களில் எத்தனையோ பேர் ஆடுவது இரட்டையர்தான். என் வயதுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் ஆடுகிறோம். 1999-இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிகளையும் எட்டி, அவற்றில் இரண்டை வென்ற ஆண்டில், என்னைப் போன்ற எண்ணற்றோர் டென்னிஸைப் புரிந்துகொண்டதே இரட்டையர் வழியாகத்தான். எங்களுக்குக் கற்றுக்கொள்ளப் பயன்படும் ஆட்டத்தை நீங்கள் போதிய அளவு ஒளிபரப்பாமல் வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த பருவத்தின் நுழைவு விதிகளை எழுதும்போது, ஒவ்வொரு போட்டியின் இரட்டையர் பட்டியலிலும் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு இடங்களை இரட்டையர் தரவரிசைக்கு மட்டும் ஒதுக்குங்கள். மீதி மூன்றில் ஒரு பங்கில் ஒற்றையர் நட்சத்திரங்கள் வரட்டும், வைல்டு கார்டு கொடுங்கள். அவர்கள் வருவது ஆட்டத்துக்கு நல்லது. அந்த மூன்றில் இரண்டு பங்கின் பட்டியலை வீரர்கள் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மூடிவிடுங்கள். ஆட்ட முறையையோ நுழைவையோ மாற்றும் எந்த முடிவும் இரட்டையர் வீரர்களின் வாக்கெடுப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுத்தில் தாருங்கள். கிராண்ட் ஸ்லாம்களும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். இவற்றில் எதை ஏற்க முடியாது என்று நினைக்கிறீர்களோ அதற்கான காரணத்தை வீரர்களிடமும் எங்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
இரட்டையர் ஆட்டத்தை நேசிக்கும் ஒரு ரசிகர்